தாத்தா சொன்னதை எழுதி வையுங்கள்!

நிலம் வாங்கினால் பத்திரம் எழுதுகிறோம். மாடு வாங்கினால் சுழி பார்த்து வாங்குகிறோம். விதை வாங்கினால் ரசீது கேட்டு வாங்கி வைக்கிறோம். ஆனால் இப்போது உழும் நிலம் நம் குடும்பத்துக்கு எப்படி வந்தது, கிணறு எந்த வருஷம் வெட்டியது, எந்த அடியில் பாறை தட்டியது, எந்த வெள்ளத்தில் எந்த வயல் மணல்மேடிட்டது, அத்தைக்குக் கொடுத்த காணி இப்போது யார் பேரில் இருக்கிறது என்பதற்கெல்லாம் நம்மிடம் எழுத்து கிடையாது. இதையெல்லாம் அறிந்தவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். அவர் சொல்லும்போது, "இந்தக் கதையை நூறு தடவை கேட்டாச்சு" என்று எழுந்து போய்விடுகிறோம். அவர் காலமான பிறகு, ஏதோ ஒரு நாள் தாலுகா அலுவலகத்து வாசலில் நிற்கும்போது, "அவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரே" என்று வருந்துகிறோம்.

குடும்பக் கதை என்றால் ராஜா ராணி கதை அல்ல. விவசாயக் குடும்பத்தில் அது பாதிக்குப் பாதி நிலத்தின் கதை, தண்ணீரின் கதை, கடனின் கதை. அதைக் கேட்டு, சரிபார்த்து, எழுதி வைப்பதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும்தான். அதை எப்படிச் செய்வது, அதனால் என்ன பயன் என்பதை இங்கே பார்ப்போம்.

வயலின் பெயரைக் கேளுங்கள்

சர்க்கார் கணக்கில் வயலுக்கு எண் உண்டு. குடும்பத்தில் அதற்குப் பெயர் உண்டு. ஊத்தங்காடு, களர்வயல், பள்ளக்காடு, பனங்காட்டு மேடு, சுடுமண் தாக்கு என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. ஊத்தங்காடு என்றால் ஒரு காலத்தில் அங்கே ஊற்று கசிந்திருக்கும். களர்வயல் என்றால் பாட்டன் காலத்திலேயே அங்கே உப்புப் பூத்திருக்கும். மண் பரிசோதனை நிலையத்துக்கு மண் எடுத்துச் செல்லும்போது இந்தப் பெயர்களை நினைவில் வைத்து, பெயர் மாறும் இடத்தில் தனித்தனி மாதிரி எடுப்பது நல்லது. ஒரே சர்வே எண்ணுக்குள் இரண்டு பெயர் இருந்தால் பெரும்பாலும் அங்கே இரண்டு விதமான மண் இருக்கும்.

இந்தப் பெயர்கள் வேகமாக மறைந்து வருகின்றன. நிலத்தை விற்று வாங்கும்போது எண் மட்டும் கை மாறுகிறது. பெயர் மாறுவதில்லை, மறைந்துபோகிறது. ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு துண்டின் பெயரையும், அதற்கு நேராகச் சர்வே எண்ணையும் எழுதுங்கள்.

தமிழ் வருஷத்தைக் கணக்கிடும் முறை

பெரியவர்கள் இங்கிலீஷ் வருஷம் சொல்ல மாட்டார்கள். "நந்தன வருஷத்துப் புயலுக்கு அடுத்த வருஷம்" என்பார்கள். "உன் பெரியப்பன் பிறந்தது பார்த்திப வருஷம் தை மாசம்" என்பார்கள். இதைக் கணக்கிடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தமிழ் வருஷங்கள் 60. முதல் வருஷம் பிரபவ, கடைசி வருஷம் அட்சய. அறுபது முடிந்ததும் மறுபடி பிரபவ வரும். கடைசியாகப் பிரபவ வந்தது 1987 ஏப்ரலில். அதற்கு முந்தியது 1927. அதற்கும் முந்தியது 1867. பஞ்சாங்கத்தில் உள்ள பட்டியலில் வருஷத்தின் எண்ணைப் பாருங்கள். அதில் ஒன்றைக் கழித்து, மீதியை இந்த மூன்றில் ஒன்றோடு கூட்டுங்கள். பார்த்திப 19-வது வருஷம். ஒன்று கழித்தால் 18. அதை 1927-உடன் கூட்டினால் 1945. ஆகவே 1945 ஏப்ரல் முதல் 1946 ஏப்ரல் வரை பார்த்திப வருஷம். பெரியப்பா தை மாதம் பிறந்தவர் என்றால் அது 1946 ஜனவரி அல்லது பிப்ரவரி. தை, மாசி, பங்குனி ஆகியவை அடுத்த இங்கிலீஷ் வருஷத்தில் விழும் என்பதை மறக்கக் கூடாது.

ஒரே பெயர் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வருவதால் 1885-ஆ, 1945-ஆ, 2005-ஆ என்ற சந்தேகம் எழலாம். ஆளின் வயதை வைத்து அது தீர்ந்துவிடும்.

வருஷப் பெயரும் மறந்துபோயிருந்தால், ஊரறிந்த சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர். அது ஆனந்த வருஷம். காவிரியில் பெருவெள்ளம் வந்தது 1924 ஜூலை; அது ரத்தாட்சி வருஷம். மேட்டூர் அணை திறந்தது 1934 ஆகஸ்டு. அது பவ வருஷம். நாடு சுதந்திரம் பெற்றது சர்வசித்து வருஷம். அணாக் கணக்கு போய்ப் புதுக்காசு வந்தது 1957 ஏப்ரல் 1. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர்; அது குரோதி வருஷம். "புதுக்காசு வந்தபோது அப்பா பள்ளிக்கூடம் போனாரா, ஏர் ஓட்டினாரா?" என்று கேட்டால் வயது தானாகக் கிடைத்துவிடும்.

பசலியும் கொல்லமும்

பழைய அடங்கலிலும் கிஸ்தி ரசீதிலும் பசலி என்று ஒரு வருஷம் போட்டிருக்கும். பசலி ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடியும். பசலி எண்ணுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய இங்கிலீஷ் வருஷம் வரும். பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் நெல்லைச் சீமையிலும் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அது ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824-ஐயும், அதற்குப் பிறகு 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1120 ஐப்பசி என்றால் 1944. அதே ஆண்டு மாசி என்றால் 1945.

பழைய பத்திரங்களில் அளவும் வேறாக இருக்கும். தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறக்குறைய 6⅔ ஏக்கர். செங்கற்பட்டுப் பக்கம் காணி என்றால் 1.32 ஏக்கர். பாகம் சொல்லும்போது மாகாணி அல்லது வீசம் என்றால் பதினாறில் ஒன்று. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. கிணற்றில் "அரைக்கால் பாத்தியம்" என்று எழுதியிருந்தால் எட்டு முறையில் ஒரு முறை நமக்கு என்று பொருள். குழியின் அளவும் மரக்காலின் அளவும் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே நம் ஊர் அளவு என்ன என்பதையும் பெரியவரிடமே கேட்டு எழுதுங்கள்.

பஞ்சம் கற்றுத்தந்த வழக்கம்

தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்கிறோம். 1876-ல் மழை பொய்த்து, 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் அது. தென்னிந்தியாவில் பல லட்சம் மக்கள் மாண்டார்கள். ஊரைவிட்டு இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கூலியாகத் தானியம் கொடுத்த வேலைகளில் அதை ஒரு நாளைக்கு ஒரு ராத்தலாகக் குறைத்ததும் அப்போதுதான்.

இது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய செய்தி. ஆனால் கணக்குப் பாருங்கள். இன்று எண்பது வயதான ஒருவர் 1940-களில் பிறந்தவர். அவருடைய தாத்தா 1880-களில் பிறந்திருப்பார். அந்தத் தாத்தாவைப் பெற்றவர்கள் தாது வருஷத்தில் கஞ்சித்தொட்டி வாசலில் நின்றவர்கள். ஆக, பஞ்சத்தைக் கண்ணால் கண்டவருக்கும் இன்று நம் திண்ணையில் இருப்பவருக்கும் இடையில் ஒரே ஒருவர்தான். அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது அந்தச் செய்தி. இந்தச் சங்கிலியில் அடுத்த கண்ணி நாம்தான்.

விதைநெல்லைத் தனிக் கோட்டையாகக் கட்டி வைப்பது, ஒரு வருஷத்துக் கம்பு அல்லது கேழ்வரகைக் குதிரில் மீதம் வைத்துத்தான் மறு வருஷம் விற்பது, மானாவாரியில் ஒரே பயிரை நம்பாமல் துவரையும் தட்டையும் கலந்து விதைப்பது, புளியையும் பனையையும் வெட்டாமல் விடுவது ஆகிய வழக்கங்கள் சில வீடுகளில் இன்னும் உண்டு. "ஏன் இப்படி?" என்று கேட்டால் "எங்கள் வழக்கம்" என்பார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், "யார் தொடங்கி வைத்தது? எதற்காக?" என்று கேளுங்கள். அநேகமாக ஒரு பஞ்சமோ, ஒரு கடனோ, ஒரு சாவோ காரணமாக இருக்கும். காரணம் தெரிந்தால்தான், இன்றைக்கு அந்த வழக்கம் தேவையா, எந்த அளவுக்குத் தேவை என்று நாம் முடிவு செய்ய முடியும்.

வெள்ளம் வந்த அளவு, பாறை வந்த ஆழம்

வெள்ளம் ஒரு முறை ஏறிய இடத்தில் மறுமுறையும் ஏறக்கூடும். 1924 வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, 1977 நவம்பர் புயல் மழையில் எந்த வாய்க்கால் உடைந்தது, 2018 நவம்பரில் கஜா புயலில் எந்தப் பக்கத்துத் தென்னைகள் விழுந்தன, எவை நின்றன என்பதெல்லாம் ஊரில் யாருக்காவது தெரியும். மாட்டுக் கொட்டகை போடவும், மோட்டார் அறை கட்டவும், வைக்கோல் போர் போடவும் இடம் தேடும்போது இந்தச் செய்தி ரூபாய்க்குச் சமம். பெரியவரைக் கைபிடித்து அழைத்துப்போய் "இது வரைக்கும் வந்தது" என்று காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் சுவரிலோ கல்லிலோ ஒரு கோடு போட்டு வருஷத்தை எழுதி வையுங்கள்.

கிணறும் அப்படியே. வெட்டியவர்களுக்குப் பாறை வந்த ஆழம் தெரியும். பக்கச் சுரங்கம் எந்தத் திசையில் போட்டார்கள், ஊற்று எந்த மூலையில் வந்தது என்றும் தெரியும். இதை அறியாமல் பக்கத்திலேயே ஆழ்துளைக் கிணறு போட்டுக் கடன்பட்டவர்கள் எத்தனையோ பேர். பழைய கிணறு சொல்வதெல்லாம் ஆழ்துளைக் கிணற்றுக்குப் பொருந்திவிடாது. நிலநீர் ஆய்வும் வேண்டும். ஆனால் ஆய்வுக்கு வருபவரிடம் "இருபத்தைந்தடியில் பாறை, வடகிழக்கு மூலையில் ஊற்று" என்று சொல்ல முடிந்தால் அவருக்கும் அது உதவும்.

வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்

கதை கேட்கப் போகிறவர்கள் ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். தண்ணீர் சுமந்தவர்களும், விதை காத்தவர்களும், எந்தப் பிள்ளை எந்த வருஷம் பிறந்தது, எது தவறியது என்று அறிந்தவர்களும் பெண்கள்தான். அவர்களிடம் "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்று முடித்துவிடுவார்கள். கேள்வி கைக்கு அடங்குவதாக இருக்க வேண்டும். இந்த மாதிரி கேட்டுப் பாருங்கள்:

"அப்பத்தா, நீ வாக்கப்பட்டு வந்தப்போ நம்ம கிணத்துல தண்ணி எங்கன கெடந்துச்சு?"

"ஆழத்த நான் என்னத்தக் கண்டேன். பதினஞ்சாம் படியில உக்காந்து துணி தொவைப்பேன்யா. சித்திரையில மட்டும் அடியில எறங்கணும்."

"பெரியப்பா பொறந்தப்பவும் அப்படித்தானா?"

"அது முந்தியே வத்திப்போச்சு. அவன் வயித்துல இருக்கையிலதான் உங்க தாத்தா வேட்டு வச்சு ஒடச்சாரு. மூணு மாசம் ஆளு விட்டு வெட்டி, ஏழு அடிதான் எறங்குச்சு. அதுக்கு என் காதுத் தோடு போச்சு."

இந்த நான்கு வரியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். கிணற்றுப் படி ஒவ்வொன்றும் முக்கால் அடி என்றால், பதினைந்தாம் படி சுமார் பதினோரு அடி ஆழம். பெரியப்பா பிறந்த வருஷத்தை வைத்துக் கிணறு ஆழப்படுத்திய காலம் கிடைக்கிறது. பாறை கடினமானது என்பது கிடைக்கிறது. அந்தக் கிணற்றில் அப்பத்தாவின் தோடும் இருக்கிறது என்பது பேரன் அறிய வேண்டிய செய்தி. எந்தப் பத்திரத்திலும் அது ஏறாது.

விதைக்கும் வம்சம் உண்டு

நெல் ரகங்களின் கதையும் குடும்பக் கதைதான். 1921-ல் கோவையிலிருந்து வந்த ஜி.ஈ.பி.24 என்ற சன்ன ரகத்தைக் கிச்சிலிச் சம்பா என்று நம் பாட்டன்மார் பயிரிட்டார்கள். அந்த ஜி.ஈ.பி.24-ஐ ஜப்பானிய ரகம் ஒன்றோடு சேர்த்துத்தான் 1960-களில் ஆடுதுறை 27 உருவாயிற்று. ஐ.ஆர்.8 வந்தது 1966. அதன் பிறகு பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், குள்ளக்கார், பூங்கார் போன்றவை பெரும்பாலான வயல்களிலிருந்து மறைந்தன. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் அவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களைத் தேடிச் சேகரித்துப் பரப்பினார். 2018-ல் அவர் காலமாகும் வரை அந்தப் பணி ஓயவில்லை. அப்படித் தேடிப் போனபோது விதை கிடைத்ததெல்லாம், ஏதோ ஒரு குடும்பம் பாட்டன் கொடுத்ததை விடாமல் வைத்திருந்ததால்தான்.

உங்கள் வீட்டில் கத்தரி, அவரை, சுரை, மிளகாய், சோளம் என்று எதுவாயினும் மூன்று தலைமுறையாக வைத்திருக்கும் விதை இருந்தால் அதன் கதையை எழுதி வையுங்கள். யார் கொண்டு வந்தது, எந்த ஊரிலிருந்து, எந்தப் பட்டத்தில் விதைப்பது, எந்த மண்ணில் வரும், பூச்சிக்கும் வறட்சிக்கும் எப்படி நிற்கும் என்று குறியுங்கள். 2001-ல் இயற்றிய பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, விவசாயிகள் வழிவழியாகக் காத்துவந்த ரகத்தை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்ய இடமுண்டு. அப்போது "எப்போதிருந்து, எங்கே, எப்படி" என்று கேட்பார்கள். எழுதி வைத்தவருக்கு அது சுலபம்.

பட்டாவும் பாகமும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இன்னும் பல குடும்பங்களில் பட்டா தாத்தா பேரிலேயே இருக்கிறது. தாத்தா இறந்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும். பேரன்மார் வாய்ப்பேச்சாகப் பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள். பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, 2019-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் உதவித்தொகை எதற்குப் போனாலும் "பட்டா யார் பேரில்?" என்பதுதான் கேள்வி. பட்டா மாற்ற வேண்டுமானால் இறந்தவர்களின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். வாரிசுச் சான்றுக்கு யார் யாருக்குப் பிள்ளை, யார் எப்போது இறந்தார், யாருக்கு எத்தனை மகள் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். குடும்பக் கதை இங்கே சட்டக் கதையாகிறது.

இறந்த நாள் ஏன் முக்கியம்? ஒருவர் இறந்த நாளில் இருந்த சட்டத்தையும் பார்த்தே பாகம் பேச வேண்டியிருக்கும். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும், மணமான மகள், மணமாகாத மகள் என்ற வித்தியாசமில்லாமல் அந்த உரிமை வந்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவாகிய பாகப்பிரிவினையை இது பாதிக்காது. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு சட்டங்கள்.

அடுத்து, நிலம் பூர்வீகமா, சுயார்ஜிதமா என்பது. பாட்டனிடமிருந்து வந்தது ஒரு வகை; அப்பா பர்மாவுக்கோ, மில் வேலைக்கோ போய்ச் சம்பாதித்து வாங்கியது வேறு வகை. "வடக்குத் தாக்கு மட்டும் அப்பா காசில் வாங்கியது" என்று அத்தை சொல்லுவார். அதற்குக் கிரயப் பத்திரம் இருக்கிறதா என்று தேட அந்த ஒரு சொல்தான் வழிகாட்டி. அத்தையை, அக்காளை, தங்கையை விட்டுவிட்டு எழுதும் குடும்ப வரலாறு அரைகுறை வரலாறு. நாளைக்கு வழக்கும் அங்கேதான் முளைக்கும்.

1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் பணி நடந்தது. அப்போது பல இடங்களில் சர்வே எண்கள் மாறின. ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர் கணக்காயிற்று. ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். அந்தச் சமயத்தில் பெயர் விட்டுப்போனதும், அண்ணன் பேர் மட்டும் ஏறியதும் உண்டு. அதற்குச் சற்று முன்பும் பின்பும் நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளும் 1980-ல் ஒழிக்கப்பட்டன. ஊர்க்கணக்கை மனப்பாடமாகச் சொன்ன அந்தத் தலைமுறையும் மறைந்துகொண்டிருக்கிறது.

சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு

பட்டா இல்லாதவர்க்குக் குடும்ப வரலாறு எதற்கு என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்குத்தான் அது அதிகம் வேண்டும். குத்தகை நிலம் பெரும்பாலும் வாய்ப்பேச்சில் வந்தது. சாகுபடி செய்யும் குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்ய 1969-ல் ஒரு சட்டம் வந்தது. தாத்தா பெயர் அப்போது பதிவாயிற்றா, குத்தகை நெல் அளந்ததற்கு ரசீது உண்டா, எந்த வருஷம் முதல் உழுகிறோம் என்பதை எழுதி வைப்பது அவசியம்.

1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்று ஒதுக்கிய பஞ்சமி நிலங்களும் அப்படியே. அவற்றை வேறு சமூகத்தார்க்கு மாற்றக் கூடாது என்பது நிபந்தனை. ஆனாலும் பல கை மாறிவிட்டன. "எங்கள் பூட்டனுக்குச் சர்க்கார் கொடுத்த நிலம் அந்த ஏரிக்கரையில் இருந்தது" என்று ஒரு பாட்டி சொன்னால், அதை அலட்சியம் செய்யாமல் எழுதிக்கொண்டு, கிராமத்தின் "அ" பதிவேட்டைப் பாருங்கள்.

சொன்னதைச் சரிபார்ப்பது எப்படி?

நினைவு பிசகும். ஒரே சம்பவத்தை அண்ணன் ஒரு விதமாகவும் தம்பி ஒரு விதமாகவும் சொல்வார்கள். அதற்காக யாரையும் பொய்யர் என்று நினைக்கக் கூடாது. மூன்று வழியில் சரிபார்க்கலாம்.

முதலாவது, இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் எதிரில் மற்றவரிடம் கேட்டால் பெரியவர் சொன்னதையே சின்னவரும் சொல்லிவிடுவார்.

இரண்டாவது, காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள். வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய பத்திரம், கிஸ்தி ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் பாஸ் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, ஜாதகம் எல்லாம் சாட்சிகள். பத்திரத்தின் நான்கெல்லைப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். அக்கம்பக்கத்தார் பெயர், வாய்க்கால், மரம், வண்டிப்பாதை எல்லாம் அதில் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் கிடைக்கும். சிட்டா, "அ" பதிவேடு, புலப்பட விவரங்களை இப்போது இணையதளத்திலேயே பார்க்கலாம். இ-சேவை மையத்திலும் உதவி பெறலாம்.

மூன்றாவது, இடத்தில் போய்ப் பாருங்கள். எல்லைக் கல், பழைய கமலைக் குழி, தூர்ந்த வாய்க்கால், வயதான புளியமரம் ஆகியவை பேசும்.

எழுதும்போது "நேரில் கண்டது", "பிறர் சொல்லக் கேட்டது", "பத்திரத்தில் உள்ளது" என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் குறியுங்கள். குலப்பெருமைக் கதைகளையும் எழுதலாம். கேட்டது என்று குறித்துவிட்டால் போதும். கடன், அடமானம், பங்காளிச் சண்டை, ஓடிப்போனவர், ஒதுக்கி வைக்கப்பட்டவர் பற்றியும் சொல்வார்கள். மறைக்க வேண்டாம். ஆனால் பழைய பகையைக் கிளறுவதற்கு நோட்டைக் கருவியாக்கவும் வேண்டாம். "இதை எழுதாதே" என்று பெரியவர் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

நோட்டில் என்னென்ன வேண்டும்?

நாற்பது பக்க நோட்டு போதும். முதலில் வயல்களின் பெயரும் எண்ணும். அடுத்து வம்ச விவரம்: பெயர், பிறந்த வருஷம், இறந்த தேதி, வாழ்க்கைப்பட்ட ஊர், ஆண், பெண் இருபாலாரும், குழந்தையாக இறந்தவர்களும்கூட. பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கம்: யார், எப்போது, என்ன விலைக்கு, யாரிடம் வாங்கியது, இப்போது யார் அனுபவம். பிறகு கிணறு, மரம், விதை, ஆடுமாடு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பக்கம். பிறகு வெள்ளம், புயல், வறட்சி, நோய். கடைசியில் கடனும் அது தீர்ந்த விதமும்.

பெரியவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்வதும் நல்லதே. ஆனால் கைப்பேசி பழுதாகும், தொலையும். கேட்டு எழுதிய நோட்டுதான் நிற்கும். எழுதியதைப் பெரியவருக்கே படித்துக் காட்டித் திருத்தம் கேளுங்கள். நகல் எடுத்துப் பங்காளிகளுக்கு ஒன்றும், கட்டிக்கொடுத்த பெண்களுக்கு ஒன்றும் கொடுத்துவிடுங்கள். ஒரே வீட்டில் இருந்தால் கரையான் தின்னும். நாலு வீட்டில் இருந்தால் நிலைக்கும். எல்லாரிடமும் ஒரே விவரம் இருந்தால் சந்தேகத்துக்கும் இடம் குறையும்.

அறுப்பு முடிந்து களம் ஓய்ந்த தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்ற காலம். பெண்டு பிள்ளைகள் கூடும் பொங்கல், குலதெய்வக் கும்பிடு, கல்யாணம் ஆகிய நாட்களில் நாலு பேர் சேர்ந்து சொல்லும்போது விட்டுப்போனதெல்லாம் நினைவுக்கு வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிட நினைக்காதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு அரைமணி நேரம், ஒரு நாளைக்கு ஒரு வயலின் கதை. அப்படி ஒரு மாதம் கேட்டால் ஒரு நோட்டு நிறையும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அதன் கையால் எழுதச் சொல்லுங்கள். எழுதுகிற பிள்ளைக்குத்தான் அது மனதில் தங்கும். நாளைக்கு இந்த நிலத்தை வைத்துக் காப்பாற்ற வேண்டியவரும் அந்தப் பிள்ளைதான்.